பேசியது 20 நிமிடம், ஒளிபரப்பானது 12 நொடி

வாசகர் கேள்வி – பதில்

ஊடகத்துக்குப் பேட்டி கொடுத்த அனுபவத்தையும் சந்தேகங்களையும் எழுதுமாறு கல்லூரி ஆசிரியர்களைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை வடசென்னையின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. பெயர் வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்டுக்கொண்டதால் பணியையும் பகுதியையும் மட்டும் குறிப்பிடுகிறோம். பதில் எழுதுபவர் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் செய்திப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையைத் தொடர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது, ஒரு தொலைக்காட்சியிலிருந்து என்னிடம் பேட்டி எடுத்தார்கள். 20 நிமிடம் விளக்கினேன். "ஆய்வகச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு கூடுதல் என்று உறுதியானால், அப்பகுதி மீனைச் சில காலம் தவிர்ப்பது நல்லது" என்று சொல்லியிருந்தேன். மாலையில் பார்த்தால், "அப்பகுதி மீனைச் சில காலம் தவிர்ப்பது நல்லது" என்பதும் அதை ஒட்டிய ஒரு வாக்கியமும் மட்டும் 12 நொடிக்கு வந்தன. எங்கள் தெருவில் கூடை வைத்து மீன் விற்கும் அம்மா மறுநாள், "சார், எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே" என்று கேட்டார். அதன் பிறகு எந்தச் செய்தியாளர் அழைத்தாலும் எடுப்பதில்லை. தவறு யாருடையது? (வேதியியல் உதவிப் பேராசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: நிபந்தனையை வெட்டிவிட்டு முடிவை மட்டும் ஒளிபரப்பியது அவர்களுடைய தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், செய்தி அறையில் வெட்டும் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் மைக் நீட்டிய செய்தியாளர் பெரும்பாலும் உங்கள் பேட்டியை வெட்டுபவர் அல்லர். அவர் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். காட்சிகள் மட்டும் அலுவலகத்துக்குப் போகும். அங்கே எடிட்டிங் அறையில் இருப்பவருக்கு ஒன்றரை நிமிடச் செய்தித் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருக்கும். அதில் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய், கறுத்துப்போன வலை, அமைச்சரின் பதில் எல்லாம் போக, உங்களுக்கென்று ஒதுக்கப்படுவது 10 முதல் 20 நொடி. இதைத்தான் நாங்கள் 'பைட்' என்போம். முகத்துவாரத்தையும் உங்கள் ஆய்வகத்தையும் பார்த்திராத அவர், நீங்கள் மூச்சு விடும் இடத்தைத் தேடுவார். மூச்சு விட்ட இடத்தில் கத்தி விழும்.

இதில் தமிழுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. நம் மொழியில் நிபந்தனை முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். "உறுதியானால்" என்று சொல்லி நிறுத்தி மூச்சு வாங்கிய பின் "தவிர்ப்பது நல்லது" என்று நீங்கள் முடிக்கும்போது, பின்பாதி தானாகவே ஒரு முழு வாக்கியமாக நின்றுவிடுகிறது. வெட்டுபவருக்கு அதைவிட வசதியான பொருள் வேறில்லை. ஆகவே நிபந்தனையைத் துணைத் தொடராக வைக்காமல், அதையே செய்தியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கருத்தை நான் இப்படி மாற்றியிருப்பேன்: "இந்த மீனில் எண்ணெய் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இன்னும் சோதித்து முடிக்கவில்லை. முடிவு வரும்வரை முகத்துவாரத்தில் எண்ணெய் மிதக்கும் இடத்தில் பிடித்ததை மட்டும் வாங்காதீர்கள். காசிமேட்டு விசைப்படகுகள் ஆழ்கடலிலிருந்து கொண்டுவருவது வேறு இடத்து மீன்." முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்தாலும் பொய்யாகாது, இரண்டாவதை மட்டும் எடுத்தாலும் "முடிவு வரும்வரை", "மட்டும்" என்ற சொற்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முதல் வடிவம் உங்கள் துறைத் தலைவருக்கோ, ஆய்வேட்டைத் திருத்தப்போகும் மதிப்பீட்டாளருக்கோ சொன்னது. அவர்கள் குறை கண்டுபிடிக்க முடியாதபடி கட்டப்பட்டது. இரண்டாவது வடிவம் அந்தக் கூடைக்கார அம்மாவுக்கும் அவரிடம் மீன் வாங்குபவருக்கும் சொல்வது. பேட்டி கொடுக்கும் பேராசிரியர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தங்கள் மனத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சக பேராசிரியருக்குத்தான் பதில் சொல்கிறார்கள் என்பது நான் பல ஆண்டுகள் மைக் பிடித்துக் கண்டது. சக பேராசிரியர் அந்நேரம் செய்தி பார்த்துக்கொண்டிருக்கவே மாட்டார் என்பது வேறு விஷயம்.

20 நிமிடம் பேசியதும் பிழைதான். நீங்கள் நான்கு நிமிடம் பேசினால் அதில் எடுக்கத்தக்கவை இரண்டோ மூன்றோ இருக்கும், அவற்றை நீங்களே தேர்ந்தெடுத்திருப்பீர்கள். 20 நிமிடம் பேசினால் தேர்ந்தெடுக்கும் வேலையை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறீர்கள். அவர்கள் வருவதற்கு முன் அரைத்தாளில் மூன்றே எழுதிக்கொள்ளுங்கள்: சொல்லியே தீர வேண்டிய ஒரு செய்தி, அதற்கு ஓர் உதாரணம், ஓர் எண். கேள்வி எதுவாக இருந்தாலும் பதில் முழு வாக்கியமாக இருக்கட்டும், ஏனென்றால் செய்தியாளரின் குரல் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். "ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான்" என்ற பதிலை யாராலும் பயன்படுத்த முடியாது. நேரலை அல்லாத பதிவில் நாக்குப் பிறழ்ந்தால், "மன்னிக்கவும், இதைத் திரும்பச் சொல்கிறேன்" என்று முதலிலிருந்து சொல்லலாம். அதற்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா, சார்?" என்று பெரும்பாலான செய்தியாளர்கள் கேட்பார்கள். "இல்லை, அவ்வளவுதான்" என்று எழுந்துவிடாமல், அரைத்தாளில் முதலில் எழுதியதை அப்போது இன்னொரு முறை சொல்லுங்கள். நான் பார்த்தவரை, ஒளிபரப்பானவற்றில் கணிசமானவை அந்தக் கடைசி அரை நிமிடத்தில் பேசப்பட்டவையே.

அழைப்பை எடுக்காமல் இருப்பதால் அந்த அம்மாவுக்கு எந்தப் பயனும் இல்லை. நீங்கள் எடுக்காத அழைப்பை, வேதியியல் படிக்காத ஒருவர் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: தொலைக்காட்சியில் கலைச்சொற்களைத் தமிழில் சொன்னால் புரியவில்லை என்கிறார்கள், ஆங்கிலத்தில் சொன்னால் தமிழ் தெரியாதா என்கிறார்கள், பேச்சுத் தமிழில் சொன்னால் பேராசிரியர் இப்படிப் பேசலாமா என்கிறார்கள். எதைத்தான் பின்பற்றுவது? (புவியியல் பேராசிரியை, பெரம்பூர்)

பதில்: சென்னை வானிலை ஆய்வு மையத்திலிருந்து 2016இல் ஓய்வு பெற்ற எஸ்.ஆர்.ரமணனை நினைத்துப் பாருங்கள். "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்பது நீளமான கலைச்சொல். ஆனால் மழைக்காலம்தோறும் அவர் அதைப் பதற்றமில்லாமல், அதே சொல்லாக, அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகரும், எந்த மாவட்டத்தில் மழை பெய்யும் என்பவற்றோடு சேர்த்துச் சொல்லிவந்ததால், பள்ளி விடுமுறையை எதிர்பார்த்துத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் அது பழகிப்போயிற்று. ஆகவே கலைச்சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு பேட்டிக்கு ஒன்று, அதுவும் உடனே விளக்கத்தோடு. மூன்றாவது கலைச்சொல் வரும்போது கேட்பவர் ரிமோட்டைத் தேடுவார்.

ஆங்கிலமா தமிழா என்பதற்குக் கடைத்தெருவே அளவுகோல். ஆக்சிஜன், வைரஸ், கேஸ் என்று மக்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். 'நிகழ்தகவு' என்பதற்குப் பதில் 'வாய்ப்பு' என்றால் எந்தக் குறையும் வந்துவிடாது. பேச்சு வழக்கில் பேசுவதும் தரக்குறைவு அன்று. ஆனால் மேடைத் தமிழில் தொடங்கிப் பாதியில் பேச்சுத் தமிழுக்குச் சரிந்து மீண்டும் ஏறினால் கேட்பவருக்குத் தலை சுற்றும். வகுப்பின் கடைசி வரிசை மாணவிக்குச் சந்தேகம் தீர்க்கும்போது எப்படிப் பேசுகிறீர்களோ அதுவே போதுமானது.

உண்மையான தடை சொல்லைவிட அளவில்தான் இருக்கிறது. "15 சென்டிமீட்டர் மழை" என்றால் பெரும்பாலோருக்கு ஒரு சாண் ஸ்கேல்தான் நினைவுக்கு வரும். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் 10 லிட்டர் தண்ணீர். வியாசர்பாடியில் 600 சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் 15 சென்டிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 8,400 லிட்டர். அதாவது தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று கிட்டத்தட்ட முழுதும் அந்த ஒரு மாடியில் கொட்டியது போல. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 560 குடம். லாரிக்குக் குடம் வரிசை வைத்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அத்தனையும் ஒரே வடிகாலில் இறங்க வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

அதே போல, "நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்ற தொடரை நீங்களே தவிர்த்துவிடுங்கள். 2015இல் வந்துவிட்டதால் இனி 2115 வரை கவலையில்லை என்றுதான் அது காதில் விழுகிறது. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் எடுத்து வீடு வாங்குபவரிடம், "கடன் அடைந்து முடிவதற்குள் இந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். கணக்கு அதே கணக்குத்தான், 26 சதவீதம். ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்து கேட்பார்.

கேள்வி: கட்டுரை அச்சாகும் முன் எனக்குக் காட்டச் சொல்லலாமா? "இது வெளியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஏதாவது கூறினால் வெளியிடாமல் இருப்பார்களா? (பொருளியல் ஆசிரியர், தண்டையார்பேட்டை)

பதில்: முழுக் கட்டுரையைக் காட்டமாட்டார்கள், கேட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் "என் பெயரில் வரும் வரிகளையும் எண்களையும் மட்டும் போனில் படித்துக் காட்டுங்கள், பத்து நிமிடத்தில் சரிபார்த்துச் சொல்கிறேன்" என்று கேட்பது நியாயம், பலர் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதற்கு: வெளியே வரக் கூடாததைச் சொல்லாதீர்கள். சட்டையில் மைக் குத்தியிருக்கும்போதும், கேமராவைக் கட்டிவைத்த பிறகு டீ குடிக்கும்போதும் இது பொருந்தும்.

கேள்வி: நான் ஆய்வு மாணவன், காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளப்பது என் பணி. விவாத நிகழ்ச்சிக்கு அழைத்து, மணலியில் உள்ள ஆலைகளை மூட வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்றால் மதிப்புப் போய்விடாதா? (இயற்பியல் ஆய்வாளர், திருவொற்றியூர்)

பதில்: தெரியாது என்று வெறுமனே சொல்லி நிறுத்தினால் போய்விடும், உங்கள் வேலி எது என்று காட்டிவிட்டு, வேலிக்கு உள்ளே உள்ளதைச் சொன்னால் மதிப்புக் கூடும். "காற்றில் எவ்வளவு துகள் இருக்கிறது என்று நான் அளக்கிறேன். ஆலையை மூடுவதை அந்த ஓர் அளவு மட்டும் தீர்மானிக்காது, வேலை இழப்பவர்கள் பற்றிப் பேசத் தகுந்தவர் வேறு. நான் அளந்ததைச் சொல்கிறேன்." இவ்வளவுதான். நெறியாளர் மீண்டும் இழுப்பார்; மீண்டும் இதையே சொல்லுங்கள். மூன்றாம் முறை விட்டுவிடுவார்.

வேலிக்கு உள்ளேயும் பள்ளம் உண்டு. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக இந்தியா வகுத்திருக்கும் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. நீங்கள் 45 என்று அளந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பாதுகாப்பான அளவா?" என்ற கேள்விக்கு எந்த வரம்பு என்று குறிப்பிடாமல் 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும், மேசையின் இரு பக்கத்திலும் இருக்கும் கட்சிப் பேச்சாளர்களில் ஒருவர் உங்களைத் தன் சாட்சியாக்கிக்கொள்வார். "நம் நாட்டு வரம்புக்குள் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் போல மூன்று மடங்கு" என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், இருவருமே அதைப் பிடுங்கிக்கொண்டு ஓட முடியாது.

செய்தி நடந்துகொண்டிருக்கும்போது பேசினால் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 28 ஜனவரி 2017 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, பெரிய பாதிப்பு இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. அடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. "இன்று மாலை நான்கு மணி வரை கிடைத்த தகவல்படி" என்று தொடங்கும் வாக்கியம் மறுநாள் உங்களைப் பொய்யராக்காது.

விவாத நிகழ்ச்சி ஆய்வாளருக்கு ஏற்ற இடமா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே என் எண்ணம். உடன் அமர்பவர்கள் யார், மொத்தம் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். ஆறு பேர் என்றால் உங்கள் பங்கு இடையிடையே ஓரிரு நிமிடம். அதற்கு ஒரு மாலையைச் செலவழிப்பதைவிட, அதே செய்தி நிறுவனத்துக்குத் தனிப் பேட்டியாகத் தருகிறேன் என்று சொல்வது மேல்.

கேள்வி: அரசுக் கல்லூரி ஆசிரியர் ஊடகத்தில் பேச அனுமதி வாங்க வேண்டுமா? (அரசியல் அறிவியல் ஆசிரியர், வியாசர்பாடி)

பதில்: நீங்கள் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர், அரசு உதவி பெறும் கல்லூரியில் பணியாற்றுபவருக்கு 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அவரது நிர்வாகத்தின் விதிகளும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு விதிகளைச் சொல்கிறேன், அவை உங்களுக்குப் பொருந்தா: ஊடகத்தில் பங்கேற்பவர் தாம் சொல்வது தம் சொந்தக் கருத்து, அரசின் கருத்து அன்று என்று தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது அவற்றின் 8ஆம் விதி. அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிப்பதை அதற்கு அடுத்த விதி தடுக்கிறது. உங்கள் விதிப்புத்தகத்தின் வாசகத்தை அலுவலகத்தில் வாங்கி நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். கண்காணிப்பாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பேசவும் வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே, "என் பாடத்தைச் சார்ந்த விளக்கங்களை ஊடகங்களுக்கு அளிக்க அனுமதி வேண்டுகிறேன்" என்று முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு நகலை வைத்துக்கொள்வது என் நண்பர்கள் சிலர் கையாண்ட வழி. இரவு எட்டு மணிக்கு அழைப்பு வரும்போது முதல்வரைத் தேட வேண்டியிருக்காது. பேசும்போது இது என் சொந்தக் கருத்து என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்கள் பாடம் அரசியல் அறிவியல் என்பதால் விளக்கத்துக்கும் விமர்சனத்துக்கும் நடுவே உள்ள கோடு மற்றவர்களைவிட உங்களுக்கு மெல்லியது. தேர்தல் முறை எப்படி இயங்குகிறது என்பது விளக்கம்; இந்த அமைச்சர் செய்தது சரியா என்பது விமர்சனம்.

கேள்வி: 18 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன், ஒரு முறைகூட என்னை யாரும் பேட்டிக்கு அழைத்ததில்லை. என் துறையைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசுபவர்கள் எப்போதும் அதே மூன்று ஆண்கள். பெண்களை ஏன் அழைப்பதில்லை? (நுண்ணுயிரியல் பேராசிரியை, பிராட்வே)

பதில்: குற்றத்தை முதலில் என் மீதே சுமத்திக்கொள்கிறேன். என் பழைய டைரி இன்னும் வீட்டில் இருக்கிறது. 'டாக்டர்கள், பேராசிரியர்கள்' என்று எழுதிய பக்கத்தில் 14 பெயர்கள், அதில் ஒரே ஒரு பெண். மாலை ஐந்து மணிக்கு, ஏழு மணிச் செய்திக்கு ஆள் வேண்டும் என்று செய்தி ஆசிரியர் மேசையிலிருந்து கத்தும்போது, உடனே எடுக்கும் எண்ணைத்தான் விரல் அழுத்தும். பழகிய எண் பழகிய ஆணுடையதாகவே இருந்துவந்தது. நான் ஓய்வு பெற்றபோது அந்த டைரியின் நகலை வாங்கிச் சென்ற இளைஞரும் அதே 14 பேரைத்தான் அழைத்திருப்பார்.

அந்தப் பக்கத்தில் நுழைய வழி உண்டு, அதற்குச் செல்வாக்கு தேவையில்லை. தொற்றுநோய்ச் செய்தி எழுதும் இரண்டு மூன்று செய்தியாளர்களின் பெயர்களை நாளிதழிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்தில், "வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது, எதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது பற்றித் தமிழில் பேச முடியும், மாலை நான்கு மணிக்கு மேல் அழைத்தால் எடுப்பேன்" என்று அவர்களுக்கு நான்கு வரி எழுதுங்கள். தேங்கிய வெள்ளத்தில் எலியின் சிறுநீர் கலந்திருக்க, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகக் கிருமி உடலுக்குள் போகிறது என்று நீங்கள் ஒரு வரியில் சொன்னால், முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போனவர்கள் அன்றிரவு தங்கள் பாதத்தைக் குனிந்து பார்ப்பார்கள். அழைப்பு தவறினால் அரை மணிக்குள் திருப்பி அழையுங்கள். உங்களால் முடியாத நாளில் வேறொரு பேராசிரியையின் எண்ணை, அவர் சம்மதத்தோடு, கொடுங்கள். செய்தியாளர் உங்களை மறக்காமலிருக்க அது ஒன்றே போதும். பட்டியலில் இன்னொரு பெண் பெயரும் ஏறிவிடும்.

கேள்வி: கேமரா முன் எந்த நிறச் சட்டை அணிவது? (வணிகவியல் ஆசிரியர், கொளத்தூர்)

பதில்: நிறம் எதுவானாலும் சரி, நெருக்கமான சிறு கோடும் சிறு கட்டமும் வேண்டாம், திரையில் நெளியும். மைக் குத்துவதற்குச் சட்டையில் பொத்தான் வரிசை இருக்கட்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை, அதன் இரைச்சல் குரலை விழுங்கிவிடும்.